சால்வைக்குத் தெரியாமல் தண்ணீர்

"தண்ணியே இல்லாம குளிச்சா, அழுக்கு எங்கம்மா போகும்?"

குட்டி இதைக் கேட்டபோது அவளுக்குப் பால் பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. பள்ளி விட்டதும் அவள் நேரே அம்மா வேலை பார்த்த பெரிய சலவைக் கம்பெனிக்கு வந்துவிடுவாள். பின்பக்கம் காலி ஹேங்கர்கள் குவிந்து கிடக்கும் மூலைதான் அவள் இடம். அங்கே உட்கார்ந்து, ஆடும் பல்லை நாக்கால் தள்ளிக்கொண்டே, மிஷினின் வட்டக் கண்ணாடிக்குள் துணிகள் விழுந்து புரள்வதை வேடிக்கை பார்ப்பாள். அந்த மிஷினுக்குள் தண்ணீர் கிடையாது. தண்ணீரைப் போலவே தெளிந்து, ஆனால் தண்ணீர் அல்லாத ஒரு திரவம் ஓடும். டிரை கிளீனிங் செய்கிறவர்கள் அதை மருந்து என்பார்கள். பட்டு, கம்பளி, பூவேலை செய்த துணி, தண்ணீர் பட்டால் சுருங்குவது, சாயம் போவது எல்லாவற்றுக்கும் அதுதான் குளியல்.

அம்மாவின் வாயில் அப்போது நாலைந்து குண்டூசிகள் இருந்தன. துணிகளில் அடையாளச் சீட்டு குத்திக்கொண்டிருந்தாள். பல்லிடுக்கில் இருந்தே, "மிஷின் தின்னுடும்" என்று சொல்லி வைத்தாள்.

"அதுக்கு வயிறு வலிக்காதா?"

அம்மா அடுத்த துணிக்குச் சீட்டைக் குத்தினாள். குழந்தை கேட்ட கேள்விக்குப் பாதி பதில் சொன்னால் மீதியை அது தானே தேடிக்கொள்ளும். குட்டியும் தேடிக்கொண்டாள். இந்தத் துணிகளுக்கு யாரும் தண்ணீர் காட்டுவதே இல்லை, பாவம், எல்லாம் தாகத்தோடு தொங்குகின்றன என்று அவளாகவே முடிவுகட்டினாள். மறுநாள் குடிதண்ணீர்க் குவளையை எடுத்துப் போய், எல்லாவற்றையும்விட வெளுத்து வாடித் தெரிந்த ஒரு சந்தன நிறப் பட்டுக் கோட்டின் மேல் கைநிறையத் தெளித்தாள். பூச்செடிக்குத் தெளிப்பதுபோல அவ்வளவு கரிசனமாக.

பட்டில் தண்ணீர் விழுந்த கதை சொல்ல வேண்டியதில்லை. துளி விழுந்த இடமெல்லாம் மினுமினுப்பு செத்து, ஓரத்தில் வளையம் கட்டிவிட்டது. அம்மா பார்த்தபோது கோட்டு அம்மை போட்ட முதுகு மாதிரி இருந்தது. சூபர்வைசரும் பார்த்துவிட்டார். அவர் முதல் வாரமே சொல்லியிருந்தார், பிள்ளையை இங்கே கொண்டு வராதே, ஏதாவது ஆனால் அன்றே உனக்கு வேலை கிடையாது என்று. புருஷன் அப்போது கால் உடைந்து படுத்திருந்தான். அவள் ஒருத்தி சம்பாத்தியத்தில்தான் வீட்டில் உலை கொதித்தது.

சூபர்வைசர் வாயைத் திறக்கும் நேரத்துக்குக் கோட்டின் சொந்தக்காரி வந்து நின்றாள். பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பாட்டு டீச்சர். அன்று மாலையே மேடைக்கு அந்தக் கோட்டு வேண்டும். டீச்சர் கோட்டைப் பார்த்தாள். பிறகு அதன் பின்னால், தொங்கும் துணிகளுக்குக் கீழே, ஒட்டி நின்ற இரண்டு சின்னக் கால்களையும் அவற்றின் பக்கத்தில் சொட்டிக்கொண்டிருந்த குவளையையும் பார்த்தாள்.

"அட-டா!" என்றாள், இரண்டாவது எழுத்தைப் பாட்டுப்போல இழுத்து. "இது மழைத் தண்ணி சார். போன வாரம் நனைஞ்சுட்டேன். குடுக்கும்போது சொல்ல மறந்தது என் தப்பு."

"போன வாரம் ஏதும்மா மழை?" என்றார் சூபர்வைசர்.

"எங்க தெருவுல பெஞ்சுது" என்றாள் டீச்சர், கண் இமைக்காமல்.

புள்ளி விழுந்த கோட்டைக் கையில் போட்டுக்கொண்டு அவள் போய்விட்டாள். அம்மாவின் பக்கம் திரும்பக்கூட இல்லை. திரும்பியிருந்தால் அம்மா நன்றி சொல்ல வேண்டியிருக்கும், சொன்னால் குட்டு உடைந்துவிடும் என்று நினைத்தாளோ என்னவோ. சில பேர் உதவி செய்வதே அப்படித்தான். கொடுத்த கை கொடுத்ததைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அவள் பொய் சொன்னாள், உண்மைதான். அந்தப் பொய்யைக் கடவுள் எந்தப் பக்கத்தில் எழுதியிருப்பார் என்று அம்மா அதற்குப் பிறகு பல தடவை யோசித்திருக்கிறாள். எழுதாமலே விட்டிருப்பார் என்பது அவள் நம்பிக்கை.

குட்டி வளர்ந்து, வேறு ஊரில் வேலைக்குப் போய், தன் துணியைத் தானே துவைக்கும் பெண்ணாகிவிட்டாள். அம்மாவுக்கு இப்போது சொந்தக் கடை. ஒரு பக்கம் செருப்புத் தைக்கிறவர், மறுபக்கம் மருந்துக் கடை, நடுவில் இவர்களுடைய கண்ணாடிக் கதவு. கறை எடுப்பதில் அவள் கைராசியைப் பார்த்துத் தெருக்காரர்கள் அவளுக்குக் கறையக்கா என்று பேர் வைத்துவிட்டார்கள். மிஷினும் ஆவி இஸ்திரிப் பெட்டியும் புருஷன் பொறுப்பு. கவுண்டரில் புருஷனின் தங்கை. வீட்டில் அவளுக்கு மிளகாய் என்று பேர். பேர் வைத்தவர்கள் தெரிந்துதான் வைத்தார்கள். கடை சின்னது, ஆனால் மூன்று பேருக்கும் வயிறு நிறைந்தது, மனசும் நிறைந்தது.

ஒருநாள் காலை அக்காவும் தங்கையுமாக இரண்டு பெண்மணிகள் வந்தார்கள். முன்னால் வந்தவள் தங்கை. பெரிய கைப்பையும் அதைவிடப் பெரிய குரலும். பின்னால் வந்த அக்காவுக்குத் தலை முழுக்க வெள்ளை. தங்கை ஒரு துணிப் பொதியைப் பிரித்து, சால்வை ஒன்றைக் கவுண்டரில் விரித்தாள். தேன் நிறப் பட்டு. ஓரமெல்லாம் செக்கச் செவேலென்று பூவேலை.

"எங்கம்மா சால்வை. அடுத்த வாரம் என் பொண்ணுக்குக் கல்யாணம், நான் போத்திக்கணும். பாத்துப் பண்ணுங்க, தாயே!"

"தாயேன்னுட்டீங்க, இனிமே பிள்ளை மாதிரி பாத்துக்குவோம்" என்றாள் மிளகாய். "மேல ஏதாவது சிந்துச்சா? சோடா, ஜூஸ், சக்கரைத் தண்ணி? காஞ்சா கண்ணுக்குத் தெரியாது. மிஷின் சூட்டுல வெளிய வந்து நிக்கும். அதான் எல்லார்கிட்டயும் கேக்கறோம்."

"சிந்தறதா! பெட்டியை விட்டு வெளியவே வராது. நடுவுல ஒரே ஒரு நாள் அக்கா போட்டுக்கிட்டா. அவ கையில குடுத்தா பொன்னு மாதிரி. என்னக்கா?"

வெள்ளைத் தலைக்காரி சால்வையின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். அந்த விரல் ஒரு கணம் நின்றது.

"ம்... ஆமா" என்றாள்.

தங்கை அதைக் கவனிக்கவில்லை. கவுண்டரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு கதை சொல்ல ஆரம்பித்துவிட்டாள். "சொன்னா சிரிப்பீங்க. இந்த ஒரு துணிக்காக நாங்க ரெண்டு பேரும் வருஷக்கணக்கா பேசிக்கல. அம்மா போனதும் இது உனக்கா எனக்கான்னு ஆரம்பிச்சது. ஒரு வீட்டு நல்லது கெட்டதுக்கு இன்னொரு வீடு போகல. இப்பத்தான் நானே இறங்கிப் போயி, போட்டுக்கோக்கான்னு குடுத்தேன்."

"குடுத்தா. நானும் வெக்கமில்லாம வாங்கிக்கிட்டேன்" என்றாள் அக்கா.

"இனிமே ஆளுக்குக் கொஞ்ச நாள்னு முறை வெச்சிருக்கோம்."

"ஆமா, வாட்ச்மேன் டூட்டி மாதிரி."

"பாத்தீங்களா அவ வாயை! அதுக்குத்தான் பேசாம இருந்தேன்."

"அட-டா! நீ பேசாம இருந்த வரைக்கும் எனக்குக் காது வலி இல்லாம இருந்துது."

உள்ளே கறை மேசையில் குனிந்திருந்த கறையக்காவின் கை அப்படியே நின்றது. அந்த 'அட-டா'. உலகத்தில் அதை அப்படி இழுக்க ஒரே ஒரு தொண்டையால்தான் முடியும். எட்டிப் பார்த்தாள். தலை நரைத்துவிட்டது, தோள் கொஞ்சம் இறங்கிவிட்டது. ஆள் அவள்தான். பாட்டு டீச்சர்.

முன்னால் அந்த விரல் நின்றதையும் கறையக்கா மேசையிலிருந்தே ஓரக்கண்ணால் கண்டிருந்தாள். இத்தனை வருஷத் தொழிலில் எத்தனை விரல்கள் அப்படி நின்று பார்த்திருக்கிறாள்! வெளியே போய், டீச்சரைத் தனியாக ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். அதுதான் முறை. ஆனால் தங்கை பக்கத்தில் நிற்கும்போது எப்படிக் கேட்பது? விளக்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். விளக்கில் பார்த்தாள், ஒன்றும் தெரியவில்லை. காய்ந்த சர்க்கரை தெரியாது என்று அவளுக்குத் தெரியாதா? ஆனாலும் ஒன்றும் இருக்காது என்று மனசு சொன்னதைக் கை கேட்டுவிட்டது.

மறுநாள் புருஷன் சால்வையை மிஷினிலிருந்து எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். முகம் தொங்கியிருந்தது.

"சக்கரை" என்றான்.

தேன் நிறப் பட்டின் நடுவே, ஒரு சிவப்புப் பூவை ஒட்டி, உள்ளங்கை அகலத்துக்குத் தேநீர் நிறத்தில் கறை எழும்பி நின்றது. அதற்கு ஒரு வால் வேறு.

மிளகாய் எட்டிப் பார்த்தாள். "நான் அப்பவே நெனச்சேன் அண்ணி! அந்த வெள்ளைத் தலையம்மா முழிச்ச முழியே சரியில்ல. சோடாவைக் கவுத்துட்டு ஊமை மாதிரி நின்னிருக்காங்க. இருங்க, தங்கச்சிக்கு இப்பவே போன் போடறேன். நாங்க கேட்டோம், நீங்க இல்லன்னீங்க, உங்க அக்காவைப் போய்க் கேளுங்கன்னு."

"போடாத."

"நம்ம பேரு கெட்டுப் போகும் அண்ணி!"

"பேரு எங்கயும் ஓடிடாது. நான் எடுத்துப் பாக்கறேன். முடியலேன்னா அப்புறம் பேசு. அது வரைக்கும் இது உன் வாயில இருந்து வெளிய வரக் கூடாது."

"என் வாயில இருந்தா?" என்று மிளகாய் அண்ணனைப் பார்த்தாள்.

"பெரிய பூட்டா வாங்கிட்டு வரேன்" என்றான் அவன்.

கறையக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. போன் ஒன்று போனால் என்ன நடக்கும் என்று அவளுக்குக் கண்ணில் தெரிந்தது. 'ஒரே ஒரு நாள் குடுத்தேன், அதுக்குள்ள பாழாக்கிட்டு வாயையும் மூடிக்கிட்டியா' என்று தங்கை கேட்பாள். கல்யாண வீட்டில் ஒரு நாற்காலி காலியாகக் கிடக்கும். மறுபடி எத்தனை வருஷமோ! இரண்டு பேருக்கும் வயசும் ஆகிவிட்டது.

சால்வையின் மடித்துத் தைத்த ஓரத்தில், யார் கண்ணுக்கும் படாத இடத்தில், ஒரு சிவப்பு நூல் மேல் ஒரு சொட்டுத் தண்ணீரை வைத்துப் பார்த்தாள். நூலிலிருந்து சிவப்பு மெல்லக் கசிந்து இமை மயிர் போலப் பரவியது. சாயம் அழுகிறது என்பார்கள் இவர்கள். ஆக, தண்ணீர் பட்டால் பூவெல்லாம் அழுது சால்வை முழுவதும் சிவந்துவிடும். மருந்திலோ சர்க்கரை கரையாது. சர்க்கரைக்குத் தண்ணீர் ஒன்றின் பாஷைதான் புரியும். நோய்க்கு வேண்டிய மருந்து நோயாளிக்கு விஷம் என்ற கதைதான்.

கறையக்கா கொஞ்ச நேரம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். வேண்டிக்கொண்டாள் என்றே வைத்துக்கொள்ளலாம். பிறகு எழுந்து, காற்றாடியைப் போட்டுவிட்டு, ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் மருந்தை ஊற்றினாள். அதில் மருந்தோடு கலக்கும் சோப்பைக் கொஞ்சம் தாராளமாகவே விட்டாள். நன்றாகக் கலக்கிக்கொண்டே சொட்டுக் குழாயால் தண்ணீரைத் துளித் துளியாக விட்டாள். ஒவ்வொரு துளி விழும்போதும் கிண்ணம் பால்போலக் கலங்கும். கலக்கக் கலக்க மறுபடி தெளிந்துவிடும். தண்ணீர் உள்ளேதான் இருக்கிறது, ஆனால் இருப்பது தெரியாது. அழுகிற பிள்ளையைத் தாய் முந்தானைக்குள் மூடிக்கொள்வதுபோல, சோப்பு அந்தத் தண்ணீரைத் தனக்குள் மூடி வைத்துக்கொள்ளும். துணிக்குத் தெரியாமல் தண்ணீர் கொடுக்க இது ஒரு வழி. தண்ணீர் துளி அதிகமானால் முந்தானை கிழியும். அப்புறம் பூக்கள் அழும். கடைசியில், சிவப்பு தன் இடத்தை விட்டு நகராமல் இருக்க ஒரே ஒரு சொட்டு வினிகர்.

"சமையலா?" என்று கேட்டுக்கொண்டே வந்தான் புருஷன்.

"உப்பு போதுமான்னு பாத்துச் சொல்லுங்க."

"உன் சமையலே எனக்குப் பழகிப் போச்சு, இது என்னை ஒண்ணும் பண்ணாது." கிண்ணத்தை எட்டிப் பார்த்துவிட்டு அவன் குரலைத் தாழ்த்தினான். "ஏன் இவ்ளோ மெனக்கெடறே? தப்பு நம்மளது இல்லையே?"

"எனக்குத் தோணுது, பண்றேங்க."

அவன் மேலே கேட்கவில்லை. மனைவிக்கு ஒன்று தோன்றினால் ஏன் தோன்றியது என்று துருவாதவனுக்குப் பாதி சொர்க்கம் வீட்டிலேயே கிடைத்துவிடுகிறது.

கறைக்கு அடியில் வெள்ளைத் துணியை மடித்து வைத்தாள். மேலே, கலவையில் தோய்த்துப் பிழிந்த பஞ்சை ஒற்றினாள். தேய்க்கவில்லை, பட்டைத் தேய்த்தால் அது கோபித்துக்கொள்ளும். ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, ஜுரக்காரக் குழந்தையின் நெற்றியில் ஒற்றுவதுபோல ஒற்றினாள். பஞ்சு மெல்ல மஞ்சளானது. அதைப் போட்டுவிட்டு வேறு பஞ்சு. பிறகு வெறும் மருந்தால் அலசி, குளிர்ந்த காற்றில் உலர்த்தி, மறுபடி முதலிலிருந்து. முதல் நாள் வால் போயிற்று. அடுத்தடுத்த மதியங்களில், கவுண்டரில் கூட்டம் குறைந்த நேரம் பார்த்து, கறையின் உடம்பும் கொஞ்சம் கொஞ்சமாக இளைத்தது. பூ ஒரு தடவைகூட அழவில்லை. மேசைக்கடியில் தேநீர் நிறப் பஞ்சுகள் குவிந்தன.

கறை முழுதாகப் போன அன்று கறையக்கா சால்வையை ஜன்னலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தாள். நேராகப் பார்த்தால் ஒன்றும் இல்லை. சாய்த்துப் பார்த்தால், கறை இருந்த இடத்தில், கட்டைவிரல் அகலத்துக்குப் பட்டு ஒளியிழந்து மங்கியிருந்தது. அதற்கு மேல் அவளால் ஒன்றும் செய்ய முடியாது. போன மினுமினுப்பு போனதுதான்.

அன்று சாப்பாட்டுத் தட்டின் முன்னால் வெகுநேரம் யோசித்தாள். பேசாமல் மடித்துக் கொடுத்துவிடலாம். கல்யாண அவசரத்தில் யார் பார்க்கப் போகிறார்கள்? ஆனால் கல்யாணம் முடிந்து என்றாவது ஒருநாள் தங்கை இதை மடித்துப் பெட்டியில் வைப்பாள். அப்போது கண்ணில் படும். கடைசியாக இதைப் போட்டுக்கொண்டது யார் என்று நினைப்பு ஓடும். மூடி வைத்த இடம் என்றைக்கானாலும் திறந்துகொள்ளும். மழை பெய்தது என்று சொல்ல அவளுக்கு வராது. டீச்சருக்கு இருந்த அந்தத் துணிச்சல் இவளுக்கு இல்லை. நல்லவேளையாக, அவளுக்குப் பொய்யே தேவைப்படவில்லை. உண்மையிலேயே அவள் பங்குக்கு ஒரு தப்பு இருந்தது. அதை எடுத்து முன்னால் வைத்தால் போதும்.

சால்வையை வாங்க வருகிற நாளில் புருஷன் டெலிவரிக்குப் போயிருந்தான். வாசலில் பெரிய கைப்பை தெரிந்ததுமே கறையக்கா, "மிளகா, கோட்டுக்குக் கறுப்புப் பட்டன் வேணும்னு சொன்னேனே, ஓடிப் போய் வாங்கிட்டு வா" என்றாள்.

"இப்பவா? இவங்க வர்ற நேரத்துலயா? நான் இருந்து ரெண்டு கேள்வி கேக்க வேணாமா?"

"அதுக்குத்தான் போகச் சொல்றேன்."

மிளகாய் முணுமுணுத்துக்கொண்டே பின்வாசல் வழியாகப் போனாள். தங்கை தனியாகத்தான் வந்திருந்தாள். கல்யாண வீட்டில் அக்கா பூச்சரம் கட்ட ஆள் பேசிக்கொண்டிருக்கிறாளாம். அவள் இல்லாமல் ஒரு வேலை நடக்கவில்லையாம்.

கறையக்கா சால்வையைக் கவுண்டரில் விரித்து, அவளாகவே அந்த இடத்தை வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினாள்.

"அம்மா, இங்க பாருங்க. இந்த இடம் கொஞ்சம் மங்கிப் போச்சு. மிஷின்ல போடறதுக்கு முன்னாடி செய்ய வேண்டிய ஒரு வேலையை நான் செய்யாம விட்டுட்டேன். இது என் தப்பு. இதுக்குக் கூலி வேண்டாம். மன்னிச்சுக்கணும்."

தங்கையின் முகம் சிவந்தது. குனிந்து பார்த்தாள், நிமிர்ந்து பார்த்தாள், மறுபடி குனிந்தாள். "என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க? எங்கம்மா சால்வைன்னு அவ்ளோ சொன்னேனே! பேரு மட்டும் கறையக்கா!"

"ஆமாம்மா."

"பேரைப் பாத்து ஏமாந்துட்டேன்."

"ஆமாம்மா. திட்டுங்க. திட்டினா எனக்கும் கொஞ்சம் மனசு ஆறும்."

இப்படிச் சொல்கிறவளை எவ்வளவு நேரம் திட்ட முடியும்? தங்கை இரண்டு பெருமூச்சு விட்டாள். சால்வையைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தாள். தோளில் போட்டு, எதிரே இருந்த ஆளுயரக் கண்ணாடியில் முன்னும் பின்னும் திரும்பினாள். அந்த இடம் மடிப்புக்குள் போய்விட்டது.

"போகட்டும், தெரியல. நீங்களா சொல்லலேன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது" என்றாள், குரல் இறங்கி. பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு சிரித்தாள். "வேடிக்கை பாருங்க. எங்க அக்கா ஒரு நாள் முழுக்க போட்டுக்கிட்டு ஊர் சுத்தினா. ஒரு தூசி ஒட்டல. தொழில்காரங்க உங்ககிட்ட குடுத்தேன், இப்படி ஆச்சு. பேசாம இதை அவகிட்டயே விட்டிருக்கலாம். அவதான் சரியான ஆளு."

"சொல்லுங்க அவங்ககிட்ட. சந்தோஷப்படுவாங்க" என்றாள் கறையக்கா.

"சொல்லாம விடுவேனா! அப்புறம் தலைமேல ஏறி உக்காந்துக்குவா. இருக்கட்டும், உக்காரட்டும்."

கண்ணாடிக் கதவு மூடிக்கொண்டது. தெருவில் பெரிய கைப்பை ஆடி ஆடிப் போவது கொஞ்ச தூரம் தெரிந்தது. கடையில் யாரும் இல்லை. மிஷின்கூட நின்றிருந்தது.

கறையக்கா உள்ளே போய், மேசைக்கடியில் கிடந்த தேநீர் நிறப் பஞ்சுகளை ஒன்று விடாமல் பொறுக்கி, ஒரு பழைய துணியில் வைத்து முடிந்தாள். பின்வாசல் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுக் கையைக் கழுவினாள். மிளகாய் பட்டனோடு திரும்பி வருவதற்குள், சால்வை தொங்கிய ஹேங்கரை எடுத்து மற்ற காலி ஹேங்கர்களோடு மாட்டினாள்.